நாற்பத்தொன்றில் நிற்காதே

மோட்டார் அறைக்குள் நுழையும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அது அம்மா போட்ட சட்டம்.

அதனால் அந்தச் சிறுமி ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்ததும், ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி போலத்தான் அந்த அறைக்குள் நடந்து போவாள். கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்த பிறகு கைகள் முன்னே வரலாம். அதுவும் வீட்டுப்பாட நோட்டைத் தொட மட்டும்.

அவளை எல்லோரும் 'பூட்டு' என்று கூப்பிட்டார்கள். வாயைத் திறப்பது அபூர்வம் என்பதால் வகுப்பில் யாரோ வைத்த பெயர். அது படியேறி மாடி வீடுகள் வரைக்கும் போய்விட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. பேசாமல் இருந்தால் நிறையக் கேட்கலாம்.

அந்த நான்கு மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது அவள் அம்மாவின் வேலை. கட்டடத்தில் அம்மாவின் பெயர் 'மோட்டாரக்கா'. தரைக்கு அடியில் பெரிய தொட்டி. பக்கத்தில் மோட்டாரும் பம்பும். அங்கிருந்து ஒரு தடித்த குழாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறிப் போகும்.

முன்பு அந்த மோட்டாருக்கு இரண்டே குணம்தான். ஓடினால் முழு வேகம், இல்லையென்றால் ஓட்டமே இல்லை. பெரிய சுவிட்சை அம்மா தள்ளினால் 'தடார்' என்று கட்டடமே ஒருமுறை அதிரும். தண்ணீர் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும். கீழ் வீடுகளில் கொட்டும். தொட்டிக்கு நேர் கீழே, நான்காம் மாடியில் இருந்த தையல்காரர் வீட்டில் மட்டும் சொட்டும்.

"தண்ணி என் தலைக்கு மேலதான் குடியிருக்கு. ஆனா என் வீட்டுக்கு விருந்தாளியா வர மட்டும் அதுக்கு மனசு வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் வலிக்கிற முழங்காலோடு கீழே வந்து பக்கெட் தூக்கிப் போவார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் மோட்டார் அறைச் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்தது. மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் பெட்டி. ஒரே ஒரு குழாயை யாராவது திறந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். பத்துக் குழாய்கள் திறந்தால் வேகம் கூடும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டால் மோட்டார் தூங்கிவிடும். இப்போது தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நேராக வீடுகளுக்கே போனது. நான்காம் மாடிக்கும் போனது.

பெட்டியின் முகத்தில் சிவப்பு எண்கள் தெரியும். ஐம்பது என்றால் முழு வேகம். கணக்குப் போடும் நடுவில் பூட்டு தலையைத் தூக்கி அதைப் பார்ப்பாள். முப்பத்தெட்டு: யாரோ கை கழுவுகிறார்கள். நாற்பத்தைந்து: யாரோ குளிக்கிறார்கள். நாற்பத்தேழு: குளிக்கிறவருக்குப் போட்டியாக இன்னொருவர் துணி அலசுகிறார்.

கட்டடம் மூச்சு விடுவதைப் பார்ப்பது போல இருக்கும் அவளுக்கு.

*

முதல் மாடியில் பூட்டின் தோழி இருந்தாள். உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் அவள் பெயர் 'பென்சில்'. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளியிலிருந்து சேர்ந்துதான் வருவார்கள். பாதி வழி பேசாமலே வருவார்கள். அந்த மௌனம் இருவருக்கும் பிடிக்கும்.

வியாழக்கிழமை வந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. கட்டடத்தின் வாசலுக்கு வந்த பிறகு பென்சில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போறாங்க."

"எத்தனை நாளுக்கு?"

"தெரியல. உடம்பு சரியாகற வரைக்கும்னு சொல்றாங்க. ரொம்ப தூரம். நானும் அப்பாவும் இங்கதான் இருக்கணும். பள்ளிக்கூடம் இருக்குல்ல."

பென்சிலின் அம்மாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னால் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. 'இனிமே தூக்கம்தான் மருந்து' என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் அந்த மருந்துதான் கிடைக்கவில்லை.

"சத்தம் கேக்குதாம்" என்றாள் பென்சில். "சுவத்துக்குள்ள. விடியக்காலைல, அப்புறம் மத்தியானத்துக்கு மேல. அப்பா போய் நின்னு கேட்டாரு. நானும் கேட்டேன். அங்க ஒண்ணுமே இல்ல, பூட்டு."

பூட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லாத சத்தம் எப்படி அம்மாவுக்கு மட்டும் கேக்கும்?" என்று பென்சில் கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வந்துவிடுமோ என்று பயந்தவள் போலப் படியேறி ஓடிவிட்டாள்.

*

அன்று மாலை ஏழு மணிக்கு மெக்கானிக் வந்தார். பென்சிலின் அப்பா சொன்னதால் மோட்டாரக்காதான் அவருக்குப் போன் செய்திருந்தாள். பெட்டியை மாட்டியவர் அவர்தான். நல்ல மனிதர், பெரிய உடம்பு, சட்டைப்பையில் நீளமான திருப்புளி.

அவர் திருப்புளியின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போல. முக்காலியில் இருந்த பூட்டு பெட்டியைப் பார்த்தாள். நாற்பத்தேழு.

"பட்டு மாதிரி ஓடுதுக்கா. ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார் மெக்கானிக்.

பிறகு எல்லோரும் முதல் மாடிக்குப் போனார்கள். படுக்கையறை வாசலில் மெக்கானிக், பென்சிலின் அப்பா, மோட்டாரக்கா, பென்சில், எல்லோருக்கும் பின்னால் பூட்டு. ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்கள்.

கடிகாரம் ஓடியது. கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. வேறு ஒன்றும் இல்லை.

"உடம்பு பலவீனமா இருந்தா காது இப்படித்தாம்மா விளையாட்டுக் காட்டும்" என்றார் மெக்கானிக். அன்பாகத்தான் சொன்னார்.

கட்டிலில் இருந்த பென்சிலின் அம்மா, "இருக்கும்" என்றார். ஒரே சொல். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெரியவர்கள் மெல்லப் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். பூட்டு மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள். அப்போது பென்சிலின் அம்மாவின் கை மெதுவாக நீண்டு சுவரைத் தொடுவதைப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கை போல இருந்தது அது.

கீழே வந்ததும் பூட்டு கேட்டாள். "அம்மா, பழைய சுவிட்சுக்கே போயிடலாமா? பெட்டி வேணாமே."

மோட்டாரக்கா கைகளைத் துடைத்தாள்.

"போகலாம். அப்புறம் தையல்கார மாமா பக்கெட்டத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டி மாடி ஏறுவாரு. அதையும் நாமதான் பார்த்துக்கிட்டு இருக்கணும். பார்ப்பியா?"

பூட்டு தலையை ஆட்டினாள். அதையும் பார்க்க முடியாது.

*

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் மோட்டார் அறைக்குப் போகவில்லை. பென்சிலோடு முதல் மாடிக்கு ஏறினாள். பென்சில் பாத்திரம் கழுவச் சமையலறைக்குப் போனாள். பூட்டு படுக்கையறை வாசலில் நின்றாள்.

"வாம்மா" என்றார் பென்சிலின் அம்மா. கண்களைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தது.

பூட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இப்போது அதில் ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"அத்தை, அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாருமே கேக்கலடா" என்றார் கடைசியில். "இருக்கா இல்லையான்னுதான் கேட்டாங்க." பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "பக்கத்து அறையில யாரோ வாயை மூடிக்கிட்டு முனகற மாதிரி இருக்கும். ஒரே மாதிரி. நடுவுல மூச்சே விடாம."

"வர்றப்ப சொல்றீங்களா? நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பூட்டு தரையில் உட்கார்ந்தாள். சன்னல் வெயில் தரையில் ஒரு கட்டம் நகர்ந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது, மறுபடி கேட்டது. இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் பூட்டுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"இப்ப" என்றார் அவர்.

பூட்டு எழுந்து நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. சுவருக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள். அப்போதும் இல்லை. இவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். "அத்தை, கொஞ்சம் தள்ளிப் படுக்கறீங்களா?" என்று கேட்டுக் கட்டில் ஓரத்தில் ஏறி, அவருடைய தலையணையிலேயே தலையை வைத்துப் படுத்தாள்.

ம்ம்ம்ம்ம்ம்ம்.

சத்தம் தலையணைக்குள் இருந்தது. கட்டில் மரத்துக்குள் இருந்தது. காதுக்கு வராமல் நேராக எலும்புக்குள் வந்தது. தலையைத் தூக்கினாள், போய்விட்டது. வைத்தாள், வந்துவிட்டது.

இத்தனை நாளும் எல்லோரும் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார்கள். படுத்துக் கேட்டவர் ஒருவர்தான்.

"பென்சில்! சீக்கிரம் வா!"

பென்சில் ஈரக் கையோடு ஓடி வந்தாள். கட்டிலில் அம்மாவும் தோழியும் ஒரே தலையணையில் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். பூட்டு அவளையும் இழுத்துப் படுக்க வைத்தாள். அதற்குள் முனகல் நின்றுவிட்டது.

"நிஜமா கேட்டுச்சு" என்றாள் பூட்டு.

"அம்மாவுக்காகச் சொல்றே" என்றாள் பென்சில். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

*

சத்தம் வருகிறது, போகிறது. பூட்டு அன்று இரவுச் சாப்பாட்டின் போதும் அதையே யோசித்தாள். இந்தக் கட்டடத்தில் வேறு எது வருகிறது, போகிறது?

எண்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவள் ஒவ்வொருவரிடமாகப் போனாள். முதலில் அம்மாவிடம்.

"மத்தியானம் அரை மணி நேரம் பெட்டியைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுதிக்கறேம்மா."

"கை?"

"பெட்டியைத் தொடவே மாட்டேன். முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"அப்புறம் எண்ணு எப்படி மாறும்?"

"அதுக்குத்தான் நாலாம் மாடிக்குப் போறேன்."

தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து ஆணியில் மாட்டினார். "ஆக, நான் குழாயைத் திறக்கணும், மூடணும். அவ்வளவுதானே? இத்தனை வருஷம் பக்கெட் தூக்குன கைக்கு இன்னிக்கு ராஜ உத்தியோகம்!"

"ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் பாதி, மாத்தி மாத்தித் திறக்கணும் மாமா. தண்ணியைக் கீழ விடக்கூடாது."

"விடுவேனா? வீட்ல இருக்கற பக்கெட், அண்டா, குண்டான் எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சுடறேன். நிரம்பினதும் துணி நனைக்கறேன். நாளைக்கு மறுபடியும் தண்ணி நின்னு போச்சுன்னாகூட நான்தான் பணக்காரன்."

கடைசியாக முதல் மாடி. ஏற்பாடு இதுதான். கீழே பூட்டு ஒவ்வொரு நிமிடமும் எண்ணை எழுதுவாள். மேலே பென்சில் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிடமும் "இப்ப?" என்று கேட்பாள். அம்மா 'இருக்கு' அல்லது 'இல்ல' என்பார். பென்சில் எழுதுவாள். முடியும்வரை ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது.

இரண்டு கடிகாரங்களையும் நொடி பிசகாமல் சரி செய்தார்கள்.

பூட்டு கிளம்பும்போது பென்சிலின் அம்மா கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"சத்தம் வராத நேரத்துல வருதுன்னு நான் சொல்லிட்டேன்னா? ரெண்டு தாளும் ஒத்துப் போகலன்னா?"

பென்சில் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் அப்பாவின் பழைய துணிப்பெட்டி, ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்காகத் தூசி தட்டி வைக்கப்பட்டிருந்தது.

"நானும்தான் அத்தை கேட்டேன்" என்றாள் பூட்டு. "தப்பாப் போனா நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போகும்."

*

இரண்டு மணி.

முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்துநாலு. நாற்பத்துநாலு. நாற்பத்தொன்று.

முக்காலியில் பூட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். மோட்டார் ஒரு பிராணி போல மெதுவாக மூச்சு வாங்கியது, விட்டது. மேலே அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் எழுதுவது இருட்டில் படி இறங்குவது போல இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் கால் வைக்க இடம் இருக்குமா?

இரண்டு முப்பதுக்கு எழுதுவதை நிறுத்தித் தாளை எடுத்துக்கொண்டாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள மறந்து ஓடினாள். மோட்டாரக்கா பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் பின்னாலேயே படியேறினாள்.

இரண்டு தாள்களையும் போர்வை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பூட்டு எண்ணைப் படித்தாள். பென்சில் தன் தாளைப் படித்தாள்.

"முப்பத்தெட்டு."

"இல்ல."

"நாற்பது."

"இல்ல."

"நாற்பத்துநாலு. அடுத்ததும் நாற்பத்துநாலு."

"இல்ல. இல்ல."

"நாற்பத்தொண்ணு."

பென்சில் தாளைக் கண்ணருகே கொண்டு போனாள். "இருக்கு" என்றாள்.

"நாற்பத்தொண்ணு."

"இருக்கு."

"நாற்பத்தேழு."

"இல்ல."

இப்படியே போனது. நாற்பத்தொன்று வந்த இடத்திலெல்லாம் 'இருக்கு'. மற்ற இடத்திலெல்லாம் 'இல்ல'. பென்சிலின் குரல் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்தது. பதினேழாம் நிமிடம் வரை.

"முப்பத்தெட்டு" என்றாள் பூட்டு.

"இருக்கு" என்று படித்துவிட்டுப் பென்சில் நிறுத்தினாள். முகம் வாடிவிட்டது. "இல்ல... 'லேசா, ஒரே நொடி'ன்னு அம்மா சொன்னாங்க. அப்படியே எழுதியிருக்கேன். ஆனா முப்பத்தெட்டுல சத்தம் கிடையாதே."

கட்டிலில் இருந்தவர் கண்களை மூடிக்கொண்டார்.

பூட்டு தன் தாளையே பார்த்தாள். அதில் பதில் இருப்பதாகத் தோன்றியது. ஆனால் எங்கே என்று தெரியவில்லை. பென்சில்தான் விரலை மெதுவாகத் தாள் மேல் வைத்தாள்.

"பதினாறாவது நிமிஷம் எவ்வளவு?"

"நாற்பத்தஞ்சு."

"நாற்பத்தஞ்சுலேருந்து முப்பத்தெட்டுக்கு..." பென்சிலின் விரல் கீழே இறங்கியது. "நாற்பத்துநாலு, நாற்பத்துமூணு, நாற்பத்திரண்டு..."

விரல் நின்றது.

"நாற்பத்தொண்ணைத் தாண்டித்தானே போகணும்!" என்றாள். "ஒரே நொடி! தாண்டின அந்த ஒரே நொடி!" அவள் தாளைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா, உங்க காது நல்லாத்தான் இருக்கு. எங்க எல்லாரையும் விட நல்லா இருக்கு. நான்தான் உங்களை நம்பல."

"நானே என்னை நம்பலடி" என்றார் அவள் அம்மா. அவர் கை மகளின் தலையைத் தடவியது. பிறகு நீண்டு பூட்டின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து தையல்காரரின் குரல் படிக்கட்டு வழியாக இறங்கியது. "மோட்டாரக்கா! இன்னும் திறக்கணுமா? இங்க டம்ளர்கூட நிரம்பிப் போச்சு!"

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா வந்துவிட்டார். மெக்கானிக்கும் வந்தார். வாசலில் துணிப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

மெக்கானிக் இரண்டு தாள்களையும் வாங்கி, சுவரில் சாய்ந்து நின்று படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. மறுபடியும் முதலிலிருந்து.

"யார் எழுதுனது?"

மோட்டாரக்கா கண்ணால் காட்டினாள்.

அவர் பூட்டைப் பார்த்தார். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, ஒரு தலையணை கேட்டு வாங்கினார். அதைச் சுவரை ஒட்டித் தரையில் போட்டார். அந்தப் பெரிய உடம்போடு மெல்லக் குனிந்து, படுத்து, தலையணையில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

நான்காம் மாடியில் தையல்காரர் குழாயைத் திறந்தார். எத்தனை திருகு திருகினால் நாற்பத்தொன்று வரும் என்பது இப்போது அவருக்கு மனப்பாடம்.

மெக்கானிக் அசையவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"தூங்கிட்டாரா?" என்று பெரியம்மா பென்சிலின் காதில் கேட்டார்.

"கேக்குது" என்றார் மெக்கானிக், கண்ணைத் திறக்காமலே.

எழுந்து உட்கார்ந்தார். கட்டிலில் இருந்தவரை நேராகப் பார்த்தார்.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா. நான் கீழ மோட்டார்ல காதை வெச்சுக் கேட்டேன். அது நல்லாத்தான் ஓடுது. முனகறது இந்தக் குழாய். சுவரோட சேர்ந்து உங்க கட்டில் தலைமாட்டுக்குப் பின்னாடி போகுது. ஊஞ்சலை ஒரு கணக்காத் தள்ளினா உயர உயர ஆடும் இல்லையா? அந்த மாதிரி, குழாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. நாற்பத்தொண்ணு வந்தா அது ஆட ஆரம்பிச்சிடுது. நான் வந்த நேரத்துல ஊரே தண்ணி திறந்திருந்துச்சு. எண்ணு மேல இருந்துச்சு. ஆட்டம் இல்ல."

"இப்ப என்ன பண்றது?" என்றார் பென்சிலின் அப்பா.

"இந்த எண்ணுல நிக்காதேன்னு பெட்டிகிட்ட சொல்லிவைக்கலாம். அதுக்குன்னே அதுல ஒரு வழி இருக்கு. நாற்பதுல நிக்கும், இல்லன்னா நாற்பத்திரண்டரைல நிக்கும். நடுவுல ஒரே தாவு. ஆனா எந்த எண்ணுன்னு யாராவது கண்டுபிடிச்சுச் சொல்லணுமே. அதை நான் கேக்காமலே போயிட்டேன்."

கீழே போனார்கள். மெக்கானிக் பெட்டியின் பொத்தான்களை அழுத்தினார். பூட்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தையல்காரர் மறுபடி அதே அளவு குழாயைத் திறந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. எண் அங்கேயே கொஞ்சம் தயங்கியது. பிறகு ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய் நின்றது.

மேலேயிருந்து பென்சில் படிக்கட்டில் எட்டிப் பார்த்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

பெரியம்மா வாசலில் இருந்த துணிப்பெட்டியைத் தூக்கிப் பழையபடி பரணில் வைத்தார். "கூட்டிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன். வந்தது வந்தாச்சு, ரெண்டு நாள் நானே இங்க இருந்துட்டுப் போறேன். எந்தப் பக்கம் படுத்தா சத்தம் கேட்டுச்சுன்னு எனக்கும் காட்டுங்க" என்றார்.

*

திங்கட்கிழமை பெஞ்சில் பூட்டு மட்டும் உட்கார்ந்திருந்தாள். பென்சிலைக் காணவில்லை. முதல் மணி அடித்தது. வருகைப்பதிவு முடிந்தது. பூட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஏதாவது ஆகிவிட்டதா? வேறு ஏதாவது எண்ணா?

கால் மணி நேரம் கழித்துப் பென்சில் வந்து நின்றாள். தலை சரியாக வாரவில்லை. ஒரு சடைதான் பின்னியிருந்தது. இன்னொன்று அவிழ்ந்து கிடந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் டீச்சர்.

"தூங்கிட்டோம் டீச்சர்."

"தூங்கிட்டோமா? வீட்டுல எழுப்ப ஆள் இல்லையா?"

"எழுப்பறது எப்பவும் அம்மாதான் டீச்சர்." பென்சிலின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "அம்மாவும் தூங்கிட்டாங்க."

வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு, பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"ரொம்ப நல்லது!"

டீச்சர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தோழிக்கு இடம் விட்டாள்.